கிணற்றில் பிள்ளைகளோடு குதித்துத் தான் மட்டும் பிழைத்த தாய்: அது கொலையா?

கேள்வி (ஆகஸ்ட் 3): பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிணற்றில் குதித்துவிட்டு, தான் மட்டும் பிழைத்து வந்த பெண்ணுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தால் என்ன தப்பு? ஹைகோர்ட்டில் அப்பீல் போனால் குறைத்துவிடுகிறார்களாம். எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது? நல்லதங்காளுக்குக் கோயில் கட்டிய ஊர் என்பதற்காகக் கொலை கொலை இல்லை என்று ஆகிவிடுமா?

ஆகஸ்ட் 4

குறைக்கிறார்கள் என்பது பாதிதான் உண்மை. சில அமர்வுகள் குறைத்திருக்கின்றன, சில குறைக்கவில்லை, சில குறைக்க மனமிருந்தும் வழியில்லாமல் அரசுக்குப் பரிந்துரை செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டன. நான் மதுரையில் கிரிமினல் அப்பீல் பார்க்கும் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தவள். இந்த மாதிரி வழக்குக் கட்டுகளைப் புரட்டியிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். கொலை என்று இந்தியத் தண்டனைச் சட்டம் 302-இல் (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 103) தீர்ப்பாகிவிட்டால் ஆயுள் அல்லது தூக்கு, அதற்குக் கீழே இறங்க எந்த நீதிபதிக்கும் அதிகாரம் கிடையாது. மனது எவ்வளவு இளகினாலும் சரி. அதனால் இந்த அப்பீல்களில் சண்டை முழுக்க ஒரே இடத்தில்தான் நடக்கும்: 302-இலிருந்து 304-க்கு இறக்க முடியுமா? 304 (இப்போது 105) என்றால் கொலையாகாத மரணம். அதில் முதல் பகுதிக்கு ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை (புதிய சட்டத்தில் 5 ஆண்டுக்குக் குறையக் கூடாது), இரண்டாம் பகுதிக்கு 10 ஆண்டு வரை. இரண்டாம் பகுதியில் 6 மாதம்கூடக் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறார்கள்.

1940, அலகாபாத் உயர் நீதிமன்றம், திராஜியா வழக்கு. சட்டக் கல்லூரியில் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். புருஷன் அடிப்பேன் என்று மிரட்டுகிறான். அவள் ராத்திரியில் ஆறு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் புருஷன் வருகிறான். பதறிப்போய்ப் பக்கத்தில் இருந்த கிணற்றில் குழந்தையோடு விழுந்துவிடுகிறாள். குழந்தை போய்விட்டது, அவள் பிழைத்துக்கொண்டாள். செஷன்ஸ் கோர்ட் கொலை என்றது. உயர் நீதிமன்றம் இல்லை என்றது. குழந்தை சாகும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் 304 நிற்கும். ஆனால் அந்த ஆபத்தில் இறங்க முகாந்திரமே இல்லை என்று சொல்ல முடியாது, பயம் துரத்தியிருக்கிறது, ஆகவே கொலை இல்லை. 6 மாதக் கடுங்காவல். தற்கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை.

1953, மத்திய பாரத உயர் நீதிமன்றம், கியார்சிபாய் வழக்கு. நாத்தனாரோடு சண்டை. மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கிணற்றில் குதித்தாள். மூன்றும் செத்தன, அவள் பிழைத்தாள். இங்கே கோர்ட் என்ன சொன்னது? வீட்டுச் சண்டை ஒரு முகாந்திரமா, இல்லை, ஆகவே கொலை. ஆயுளுக்கும் தீவாந்தரம், அதாவது நாடுகடத்தல். ஆனால் அதே தீர்ப்பில் தண்டனையைக் குறைக்கும்படி அரசுக்குப் பரிந்துரையும் செய்தார்கள்.

இரண்டு கிணறு, இரண்டு தாய். ஒருத்தியை அந்த நிமிஷம் துரத்திக்கொண்டு ஒருவன் வந்தான், இன்னொருத்தியை அந்த நிமிஷம் யாரும் துரத்தவில்லை. தண்டனையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதுதான் காரணம். எனக்கு உறுத்துவது அந்த "அந்த நிமிஷம்" தான்.

ஆகஸ்ட் 4, இரவு

இன்னொன்று விட்டுப்போனது. 1925-இல் பம்பாயில் ஒரு வழக்கு. பதினேழு வயதுப் பெண், புருஷன் கொடுமை. முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டிருந்தபடியே கிணற்றில் குதித்தாள். குழந்தை முதுகில் இருந்த நினைப்பே அவளுக்கு இல்லை என்று எடுத்துக்கொண்டு 304-ஏ (இப்போது 106), அதாவது கவனக்குறைவால் மரணம் என்று முடித்தார்கள். லாரி ஓட்டுபவர் மீது போடுகிற அதே பிரிவு.

ஆகஸ்ட் 6

"தமிழ்நாட்டில் ஒன்றுமில்லையா, வடக்கே போய்த் தேடுகிறீர்களே" என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானதே இங்கேதான்.

1989, சென்னை உயர் நீதிமன்றம், சுயம்புக்கனி வழக்கு. புருஷனின் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்தவள், பிழைத்தவள். தண்டனைச் சட்டம் 300-இல் (இப்போது 101) முதல் விதிவிலக்கு என்ன சொல்கிறது என்றால், கடுமையான, திடீர்ச் சினமூட்டலால் தன்னை இழந்து ஒருவர் செய்த மரணம் கொலை ஆகாது. கடுமையானதாகவும் இருக்க வேண்டும், திடீரென்றும் இருக்க வேண்டும். வருஷக்கணக்காக வாங்கிய அடிக்கு இந்த வரியில் இடமே இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் அந்த இடத்தை உண்டாக்கியது. தொடர்ந்து வரும் சினமூட்டல் என்று ஒன்று உண்டு. பல நாளாக, பல செயலாக அது சேர்ந்துகொண்டே வரும், கடைசியில் நடந்தது அற்ப விஷயமாகக்கூட இருக்கலாம், அதை மட்டும் தனியாக எடுத்து எடை போடக் கூடாது என்று சொன்னது. மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று நம்மவர்கள் என்றைக்கோ சொல்லி வைத்ததுதான் இது. கடைசி இறகைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு "இதுக்குப் போயா முறிஞ்சது?" என்று கேட்கக் கூடாது.

இந்த மனநிலைக்கு அந்தத் தீர்ப்பில் வைத்த பெயரே நல்லதங்காள் மனநிலை. 2013-இல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அடிபட்ட மனைவி ஒருத்தியின் வழக்கில் சென்னைத் தீர்ப்பை எடுத்துப் பேசியது. அசாமில் ஒரு பெண்ணின் அப்பீலில், நல்லதங்காள் விழுந்த அர்ச்சுனாபுரத்துக் கிணறு வந்து நிற்கிறது. இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வத்திராயிருப்புப் பக்கம் போகிறவர்கள் அர்ச்சுனாபுரம் போய்ப் பாருங்கள், கோயில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷப் பஞ்சம், ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், அண்ணி மூளி அலங்காரி செய்த கொடுமை, ஊர்க் கிணறு. கதை எல்லோருக்கும் தெரியும். செத்ததால் தெய்வமானாள். யாராவது தூக்கிக் கரையில் போட்டிருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்பதுதான் இந்த இழையின் கேள்வியே.

ஆகஸ்ட் 7

"தாய் பாவம், சரி, பிள்ளை என்ன பாவம் செய்தது?" என்று ஒருவர் காட்டமாகக் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். நேற்று எழுதியதை இன்றைக்குப் படிக்கும்போது பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை என்று எனக்கும் பட்டது.

நல்லதங்காள் கதையிலேயே இந்தக் கேள்வி உண்டு. மூத்த பையன் என்னை மட்டுமாவது விட்டுவிடு அம்மா என்று கெஞ்சுவான், ஓடப் பார்ப்பான். ஒப்பாரியாகப் பாடும்போது அந்த இடத்தில்தான் கிழவிகள் எல்லோரும் உடைந்து அழுவார்கள். எங்கள் ஆச்சி அதற்குமேல் பாடமாட்டாள், எழுந்து போய்விடுவாள். அந்தப் பையனுக்கு வாழ வேண்டும் என்று இருந்தது. அவன் தாயின் கையோ காலோ இல்லை, தனி ஆள்.

சட்டத்திலும் இதே முள் இருக்கிறது. முதல் விதிவிலக்கை எழுத்தெழுத்தாகப் படித்தால், சினமூட்டியவர் செத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தவறுதலாகவோ தற்செயலாகவோ வேறொருவர் செத்திருக்க வேண்டும். சினமூட்டியது புருஷன், செத்தது பிள்ளை, அதுவும் தெரிந்தே. அப்படியானால் விதிவிலக்கு பொருந்தாது. 1989 தீர்ப்பு சட்டத்தின் வரியைத் தாண்டிப் போனது என்று விமர்சிப்பவர்கள் பக்கம் நியாயம் உண்டு. எதிர்த் தரப்பில் இருந்தால் நானே இதைத்தான் வாதிட்டிருப்பேன்.

இருந்தும் நான் அந்தத் தீர்ப்பின் பக்கம்தான். காரணம் இது: தான் செத்தபின் இந்தப் பிள்ளைகள் யார் கையில் சிக்கும் என்று அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நம்புகிறாள். கொல்கிறோம் என்று அவள் நினைக்கவில்லை, கூட்டிக்கொண்டு போகிறோம் என்று நினைக்கிறாள். அது தவறான நினைப்பு, பயங்கரமான நினைப்பு, ஒரு உயிரைக் கேட்காமல் எடுப்பதற்கு அது உரிமை ஆகாது. குற்றம் குற்றம்தான். நான் கேட்பதெல்லாம், சொத்துக்காக ஒருவனை வெட்டியவனும் இவளும் ஒரே பிரிவில் ஒரே தண்டனையில் உட்கார வேண்டுமா என்பது. 304 விடுதலை இல்லையே. அதுவும் சிறைதான்.

ஆகஸ்ட் 10

ரொம்ப நாள் எழுத வேண்டாம் என்று தள்ளிவைத்த ஒன்று.

அப்பீல் கோர்ட் பெரும்பாலும் புதிதாக யாரையும் விசாரிக்காது. கீழ்க்கோர்ட்டில் பதிவானதுதான் டைப்டு செட்டாக அச்சாகி இரண்டு நீதிபதிகள் முன் போகும். அதில் இல்லாதது உலகத்திலேயே இல்லை. இந்த மாதிரி வழக்கின் டைப்டு செட்டைத் திறந்தால் என்ன இருக்கும் தெரியுமா? கிணற்றின் சுற்றளவு இருக்கும், எத்தனை அடித் தண்ணீர் என்று பார்வை மகஜரில் (போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) இருக்கும், கைப்பிடிச் சுவர் உண்டா இல்லையா என்று மாதிரி வரைபடத்தில் இருக்கும். பிரேதப் பரிசோதனை அறிக்கை இருக்கும். வி.ஏ.ஓ. முன் தானாகவே வந்து கொடுத்ததாக ஒரு ஒப்புதல் வாக்குமூலம் இருக்கும், அதில் அவள் வாழ்நாளில் பேசியே இராத தமிழில் வாக்கியங்கள் முற்றுப்புள்ளியோடு இருக்கும். பதினோரு வருஷக் குடித்தனத்தில் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் இருக்காது.

புருஷன் அரசுத் தரப்புச் சாட்சியாக வருவான். "எங்களுக்குள் சிறு சிறு சண்டை வரும்." அவ்வளவுதான். குறுக்கு விசாரணையில் அவள் தரப்பு வக்கீல் குடியைப் பற்றி ஒரு கேள்வி, "நான் குடிப்பேன் என்றால் சரியல்ல" என்று ஒரு பதில். அப்புறம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313 விசாரணை (இப்போது 351). சாட்சிகள் சொன்னதை நீதிபதி ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டி என்ன சொல்கிறாய் என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் "பொய்" என்று சொல்லச் சொல்லி வக்கீல் பழக்கியிருப்பார். நான் பார்த்த ஒரு கட்டில் இருபதுக்கும் மேலே கேள்வி, வரிசையாகப் பொய், பொய், பொய். கிணற்றுக்குப் போனதே பொய் என்றால் அப்பீலில் வந்து தொடர் சினமூட்டல் என்று எப்படி வாதாடுவது? எங்கள் சீனியர் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண்ணைப் பார்க்கப் பெண்கள் சிறைக்குப் போனேன். வக்காலத்தில் கைநாட்டு வாங்க வேண்டும், சிறை அலுவலர் சான்றொப்பம் வேண்டும், அதற்காகத்தான் போனது. கேஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீர்ப்பின் கடைசிப் பத்தியை யாரோ அவளுக்குப் படித்துக்காட்டியிருக்கிறார்கள். சான்றுப் பொருட்கள் மதிப்பற்றவை, அப்பீல் காலம் முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும் என்று எல்லாத் தீர்ப்பிலும் ஒரு வரி வரும். சா.பொ. 3, மஞ்சள் நிற கவுன். "அந்த கவுனை எரிச்சிருவாங்களாம்மா? எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல" என்றாள். போட்டோ எடுத்து வைக்கும் அளவுக்கு வசதியில்லாத வீடு. அந்தக் கட்டில் பிள்ளையின் போட்டோ இருந்தது, ஆஸ்பத்திரி மேஜையில் கிடத்தி எடுத்தது.

சீனியரிடம் சொன்னேன். மனு போடலாம் என்றார், போட்டோம். பதில் வருவதற்குள் அந்த வருஷத்துச் சான்றுப் பொருட்களோடு சேர்த்து அழித்தாகிவிட்டது. எந்தக் கோர்ட் என்று சொல்ல மாட்டேன். அப்பீல் நிலுவையில் இருக்கும்போது அழித்திருக்கவே கூடாது.

ஆகஸ்ட் 11

அப்பீல் என்ன ஆனது என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். 304 முதல் பகுதிக்கு இறங்கியது. அதற்குள் அவள் அனுபவித்த காலமே போதும் என்று விட்டார்கள். வெளியே வந்து எங்கே போனாள் என்று தெரியாது.

ஆகஸ்ட் 15

மனநோய் என்று வாதாடினால் என்ன என்ற கேள்விக்கு.

84-வது பிரிவு (இப்போது 22) இருக்கிறது. செய்யும்போது செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய முடியாத அளவுக்குச் சித்தம் பிறழ்ந்திருந்தால் குற்றமே இல்லை. ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் அவள்மேல். முழுக்க நிரூபிக்க முடியாவிட்டாலும், உள்நோக்கம் இருந்ததா என்ற நியாயமான சந்தேகத்தைக் கிளப்பினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1964-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் சந்தேகத்தைக் கிளப்பவும் காகிதம் வேண்டுமே. நம் கிராமத்தில் பிரசவத்துக்குப் பின் புத்தி பேதலிப்பது ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வரக்கூடிய வியாதி என்று யாருக்குத் தெரியும்? பச்சை உடம்புக்காரிக்குக் காற்று கருப்பு பட்டுவிட்டது என்று மந்திரிப்பார்கள், வேப்பிலை அடிப்பார்கள். மந்திரித்ததற்கு மருந்துச் சீட்டு கிடையாது.

காகிதம் இருந்தாலும் எவ்வளவு கஷ்டம் என்பதற்கு டெக்சாஸ். ஹூஸ்டனில் ஆண்ட்ரியா யேட்ஸ் 2001 ஜூன் 20 அன்று ஐந்து பிள்ளைகளையும் குளியல் தொட்டியில் மூழ்கடித்துக் கொன்றாள். மூத்தவனுக்கு 7 வயது, கடைசிப் பெண்ணுக்கு 6 மாதம். அதற்கு முன்பே தற்கொலை முயற்சி, ஆஸ்பத்திரிச் சேர்க்கை, இனிப் பிள்ளை வேண்டாம் என்று டாக்டர் எச்சரித்தது, எல்லாம் பதிவில் இருந்தது. இவ்வளவு இருந்தும் 2002-இல் ஜூரிகள் சில மணி நேரத்தில் குற்றவாளி என்றார்கள். ஆயுள். 2005 ஜனவரியில் அப்பீல் கோர்ட் அதை ரத்து செய்தது. காரணத்தைக் கேளுங்கள். அரசுத் தரப்பு மனநல நிபுணர், பிள்ளைகளைக் குளியல் தொட்டியில் கொன்ற தாய் மனநோய் என்று சொல்லித் தப்பிப்பது போல ஒரு டி.வி. தொடரில் வந்தது, சம்பவத்துக்குக் கொஞ்ச நாள் முன்புதான் என்று சாட்சி சொன்னார். அப்படியொரு பகுதி எடுக்கப்படவே இல்லை. 2006 ஜூலையில் மறு விசாரணை, மனநோயால் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு. சிறைக்குப் பதில் மனநல மருத்துவமனை. அதே பெண், அதே ஐந்து பிள்ளைகள்.

இங்கிலாந்தில் 1922-லேயே தனிச் சட்டம் போட்டார்கள், 1938-இல் திருத்தினார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு உட்பட்ட தன் குழந்தையைக் கொன்ற தாய், பேறுகாலப் பாதிப்பிலிருந்து மீளாமல் மனச் சமநிலை குலைந்திருந்தால் அது கொலையாக நடத்தப்படாது. அவர்கள் எழுதிக் கொடுத்த தண்டனைச் சட்டத்தை வைத்திருக்கும் நம்மிடம் அந்த ஒரு பிரிவு இல்லை. 2023-இல் எல்லாவற்றையும் புதிதாக எழுதியபோதும் சேர்க்கவில்லை. இது எனக்கு ஆறாத கோபம்.

ஆகஸ்ட் 16

"எல்லாம் கள்ளக்காதல் கேஸ்தான்" என்று ஒரே வரியில் எழுதியவருக்கு: பேப்பரில் வருகிற தலைப்பை வைத்துப் பேசாதீர்கள். "கல்நெஞ்சத் தாய்" என்று போடுகிற பத்திரிகை இரண்டாம் நாள் அந்த வீட்டுப் பக்கம் போவதில்லை.

கள்ளக்காதல் என்று சொல்லப்பட்ட வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்று பாருங்கள். தமிழ்நாட்டு வழக்கு, 2023 ஏப்ரல். இரண்டு மகன்களுக்குப் பூச்சிமருந்து கொடுத்துவிட்டுத் தானும் குடிக்கப் போனவளை உறவுக்காரப் பெண் தட்டிவிட்டுக் காப்பாற்றினாள். 302-இல் ஆயுள், உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏறக்குறைய 20 ஆண்டு உள்ளே இருந்தபின் முன்விடுதலை கேட்டாள். மாநிலக் குழு பரிந்துரைத்தும், கொடூரமான குற்றம் என்று அரசு மறுத்தது. அந்த உறவைத் தொடர்வதற்காக அவள் பிள்ளைகளைக் கொல்லவில்லை, சண்டையால் வந்த விரக்தியில் பிள்ளைகளோடு சாகத் துணிந்தாள் என்று உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. ஒழுக்கம் போதிப்பது கோர்ட்டின் வேலை இல்லை என்றும் சொல்லி விடுவித்தது. தண்டனை 302-இலேயே நின்றது என்பதையும் கவனியுங்கள். விடுதலை கிடைத்தது, கொலை என்ற பெயர் மாறவில்லை.

ஆகஸ்ட் 16, சற்று நேரம் கழித்து

அப்பா செய்தால்? கடன்காரன் தொல்லையில் குடும்பத்தோடு விஷம் குடித்து ஒருவர் பிழைத்தால் அது ஆணாக இருந்தாலும் அதே அளவுகோல்தான் வேண்டும். பெண்டாட்டியைப் பழிவாங்கப் பிள்ளையைக் கொன்றவன் வேறு. தானும் சாக நினைத்தானா, யாருக்கு வலிக்க வேண்டும் என்று செய்தான், இந்த இரண்டையும் கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 22

தன் உறவுக்காரப் பெண் ஒருத்தி இப்படி ஒரு வழக்கில் ரிமாண்டில் இருக்கிறாள் என்று ஒரு தம்பி தனியாக எழுதியிருந்தார். விவரம் எதையும் இங்கே போட மாட்டேன். அவருக்குச் சொன்னது மற்றவர்களுக்கும் பயன்படும்.

தம்பி, விசாரணை தொடங்குமுன்னே காகிதம் சேருங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்த பிக்மி எண், தாய் சேய் நல அட்டை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா எழுதிய குறிப்பு, எந்த ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டானாலும் சரி. மகளிர் காவல் நிலையத்தில் முன்பு புகார் கொடுத்திருந்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சீட்டு. அடிபட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்த தேதிகளை அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள், பார்த்த அக்கம்பக்கத்தார் யாரென்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்களை நம் தரப்புச் சாட்சியாகக் கூப்பிடலாம், பலரும் கூப்பிடுவதே இல்லை. மனநல மருத்துவரைக் கொண்டு பரிசோதிக்கச் சொல்லி இப்போதே மனு போடச் சொல்லுங்கள், இரண்டு வருஷம் கழித்துப் போட்டால் பிரயோஜனமில்லை. 313 விசாரணையில் (இப்போது 351) எல்லாவற்றுக்கும் பொய் என்று சொல்லாமல், நடந்ததை எழுத்துமூலமாகவே தாக்கல் செய்யலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும், பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, 15100-க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். வாரம் ஒரு தடவையாவது யாராவது மனு எழுதிக் கொடுத்து அவளைப் போய்ப் பாருங்கள். அவள் தூங்கவில்லை, சாப்பிடவில்லை என்றால் சிறை மருத்துவரிடம் எழுத்தில் சொல்லுங்கள், வாயால் சொல்லாதீர்கள். பிள்ளையின் போட்டோ வீட்டில் இருந்தால் ஒன்று எடுத்துப் பத்திரமாக வையுங்கள், இப்போது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம், அவள் கேட்கும்போது கொடுங்கள்.